மேனேஜரின் கால் மாத்திரை

பூனை வளர்த்தால் மனசு லேசாகும் என்று யாராவது உங்களிடம் அளந்தால், ஆளைக் கையோடு பிடித்து லாண்டரி அக்கா வீட்டில் ஒரு நாள் விட்டுவிடுங்கள். அப்புறம் அந்தப் பேச்சே எடுக்க மாட்டார்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை. விடியும் முன்பே போய், மூட்டை மூட்டையாக வந்து விழும் படுக்கை விரிப்புகளைப் பிரித்து மெஷினில் போட வேண்டும். துவைத்ததை ஈரத்தோடு தூக்கி, சூடான உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் வாங்கி மடிக்க வேண்டும். மதியத்துக்கு மேல் வீடு திரும்பும்போது கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்திருக்கும். அப்பாடா என்று சாயலாம் என்றால், வீட்டில் இருக்கிற ஒரே நல்ல நாற்காலியில் மேனேஜர் உட்கார்ந்திருக்கும்.

மேனேஜர் என்பது பூனை. செம்பட்டை நிறம், பெரிய தலை, வயசான கடுவன். ஒரு வேலையும் செய்யாது, யார் வேலை செய்தாலும் பக்கத்தில் வந்து நின்று பார்க்கும். அதனால்தான் அந்தப் பெயர். படுப்பது மடித்து வைத்த துணி மேல் மட்டும். குளியலறைக் கதவைச் சாத்தினால் வெளியே நின்று ஊரைக் கூட்டும். தட்டில் சாப்பாடு வைத்தால் போதாது, தின்று முடிக்கும்வரை ஓர் ஆள் கூடவே நிற்க வேண்டும். காலையில் அலாரம் அடிப்பதற்கு முன் அக்காவின் கண்ணிமை மேல் ஒரு பாதத்தை வைத்து, நகம் படாமல் அழுத்தும். அக்கா அதைத் திட்டிக்கொண்டேதான் எழுவாள். ஆனால் அந்தப் பாதம் விலகும்வரை கண்ணைத் திறக்க மாட்டாள்.

இன்னொன்றும் இருக்கிறது, வாலு என்று. வயசில் குட்டி, தொழிலில் திருடி. சாக்ஸ் மட்டும்தான் எடுக்கும், அதுவும் ஜோடியில் ஒன்று. வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அவர் ஒரு காலில் நீலமும் மறு காலில் கறுப்புமாக வண்டி ஓட்டுகிறார் என்றால் எல்லாம் வாலுவின் கைங்கரியம்.

இந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை. சண்டையா என்றால் அதுவும் இல்லை. சண்டை போடத் தெம்பு வேண்டாமா? அக்கா கிளம்பும்போது அவர் குறட்டை விடுவார். அவர் வரும்போது அக்காவுக்குக் கண் சொருகும். மகள் கல்யாணமாகிப் போகும்வரை நடுவில் அவள் இருந்தாள், பேச்சு ஓடியது. அவள் போன பிறகு ஒருநாள் அக்கா ஏதோ கேட்டாள், டிவியில் இருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

"நீயாவது பதில் சொல்லேன், மேனேஜர்" என்றாள் அக்கா. மேனேஜர் உடனே மியாவ் என்றது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

"மேனேஜர், சாப்பாடு ஆறிட்டே இருக்குன்னு சொல்லு" என்பாள் அக்கா.

"மேனேஜர், நாளைக்கு எனக்கு சீக்கிரம் டூட்டி. யாராவது எழுப்பி விட்டா புண்ணியமாப் போகும்" என்பார் அவர்.

வேலை நடந்தது. குடும்பமும் நடந்தது. வேறென்ன வேண்டும் என்று இரண்டு பேருமே நினைத்துவிட்டார்கள்.

ஒருநாள் லாண்டரியில் அக்காவுக்குத் தலை சுற்றியது. நர்ஸ் ஒருத்தி கையில் பட்டை கட்டிப் பார்த்து, பிரஷர் என்றாள். டாக்டர் தினமும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் அக்கா நாற்காலி ஓரமாக நின்று, "மேனேஜர், எனக்கு பிரஷராம். வாழ்நாள் பூரா மாத்திரை போடணுமாம்" என்றாள். டிவியில் மேட்ச். மேனேஜர் கொட்டாவி விட்டது. அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகட்டும், நமக்கென்று யார் இருக்கிறார்கள் என்று மாத்திரை அட்டையைச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். பாதி நாள் போட்டுக்கொள்வாள், பாதி நாள் மறந்துவிடுவாள்.

அப்புறம் மேனேஜருக்கு உடம்புக்கு வந்தது. நடக்கும்போது கதவு நிலையில் முட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் லீவு போட்டு, கூடையில் வைத்து, மிருக டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். திரும்பி வந்து அதை நாற்காலியில் விட்டு, முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"உனக்கு பிரஷராம், மேனேஜர். மனுஷங்க போடற மாத்திரையேதான், தினமும் கால் துண்டு. ஒரு நாள் கூடத் தப்பக் கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிஷனா சொல்லிட்டாங்க. பார்த்துக்கணும்."

இதை அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுப்படியில் இருந்த அக்காவோ, எல்லா வேலையையும் போல இதுவும் தன் தலையில்தான் விழுந்தது என்று எடுத்துக்கொண்டாள். மேஜை மேல் கிடந்த சீட்டைப் பார்த்தாள். அவள் போடுகிற அதே மாத்திரை. புதிதாக வாங்குவானேன் என்று தன் அட்டையிலிருந்தே எடுத்து, கத்தியால் நாலாக நறுக்கி, காலையில் மீன் துண்டுக்குள் ஒளித்துக் கொடுத்தாள். அவர் தனியாக ஓர் அட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சாயங்காலம், அக்கா குளிக்கப் போயிருக்கும் நேரத்தில், மேனேஜரைத் துண்டில் சுற்றி, வாயைத் திறந்து உள்ளே தள்ளி, விழுங்கிவிட்டதா என்று இன்னொரு தடவை திறந்து பார்ப்பார்.

கொஞ்ச நாளில் மேனேஜர் தூங்கிக்கொண்டே இருந்தது. வயசாகிவிட்டது என்று அக்கா நினைத்தாள். மாத்திரை வேலை செய்கிறது என்று அவர் நினைத்தார். இருவரும் அதனிடமே விசாரித்தார்கள். அது என்ன சொல்லும், பாவம்!

ஒரு விடுமுறை நாள் காலையில் கண்ணிமை மேல் பாதம் விழவில்லை. அக்கா துள்ளி எழுந்தாள். மேனேஜர் நாற்காலிக்குக் கீழே, ஏற முடியாமல், பக்கவாட்டில் கிடந்தது. காதுகள் சில்லிட்டிருந்தன. அக்கா போட்ட சத்தத்தில் அவர் வெறுங்காலோடு ஓடி வந்தார்.

டாக்சியில் கூடை நடுவில் இருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

டாக்டரம்மா முன்னங்காலில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார். "பிரஷர் ரொம்ப இறங்கிப் போயிருக்கு. மாத்திரை யார் குடுக்கறது?"

"நான்தான்" என்றாள் அக்கா.

"நான்தான்" என்றார் அவர்.

டாக்டரம்மா மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேருமா? ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். அக்கா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் தனியா வாங்கல டாக்டர். என் மாத்திரையிலேருந்துதான் உடைச்சுக் குடுத்தேன். எனக்கும் இதேதான்."

அவர் சட்டென்று திரும்பினார். "உனக்கு பிரஷரா? எப்போலேருந்து?"

"சொன்னேனே."

"யார்கிட்ட சொன்னே?"

அக்கா மேஜை மேல் கிடந்த செம்பட்டை உடம்பைப் பார்த்தாள்.

ஒரு நாள் இங்கேயே இருக்கட்டும், பிழைத்தால் பார்ப்போம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். காலிக் கூடையோடு வீட்டுக்கு வந்தார்கள். வாலு கூடையை முகர்ந்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அக்கா கைக்கு வந்ததைச் சமைத்தாள். சமைத்து முடித்ததும், சாப்பாடு தயார் என்று யாரிடம் சொல்வது என்று தெரியாமல் கரண்டியோடு நின்றாள்.

"என்னங்க."

அவர் திரும்பி நாற்காலியைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சாப்பிட வாங்க" என்றாள்.

வந்து உட்கார்ந்தார். பாதியில் கையை உதறிவிட்டு, "அதுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றார். தெரியவில்லை என்றாள் அக்கா.

மேனேஜர் பிழைத்துக்கொண்டது. மறுநாள் சாயங்காலம் அவர் கூடையில் கொண்டுவந்து நாற்காலியில் இறக்கினார். இளைத்திருந்தது, முன்னங்காலில் முடி வழித்திருந்தது. அக்கா தட்டை வைத்துவிட்டு, அது தின்று முடிக்கும்வரை வீங்கிய காலோடு பக்கத்தில் நின்றாள்.

பாத்திரம் கழுவப் போனபோது பின்னால் காலடி கேட்டது. அவர் ஒரு டம்ளர் தண்ணீரோடு நின்றார். மற்ற கையில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருந்த அட்டை.

"மாத்திரை போட்டியா?"

"இன்னைக்கு மறந்துட்டேன்."

ஒன்றைப் பிதுக்கி அவள் கையில் வைத்தார். அக்கா விழுங்கித் தண்ணீர் குடித்தாள். அவர் நகரவில்லை.

"வாயைத் தொறந்து காட்டு."

"நல்லா இருக்கே! நான் என்ன பூனையா?"

"பூனையா இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார் அவர்.

அக்கா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு அவர் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து காட்டினாள்.