சவுக்கு வேணாங்க!

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று கை தட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

காரணம், அஞ்சலை. டவுன்ஷிப்பை ஒட்டிய கிராமத்திலிருந்து எங்கள் பிளாக்குக்கு மல்லாட்டை கொண்டுவருபவர். மல்லாட்டை என்றால் நிலக்கடலை... திருநெல்வேலிக்காரியான எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும்.

அவர் கணவர் சேகர் இங்குள்ள நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். அது முடிந்ததும் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனார். மாதாமாதம் பணம் அனுப்புவார். கூரை வீடு மாடி வீடானதும், மகள் காலேஜில் சேர்ந்ததும் அந்தப் பணத்தில்தான். அதை மறுக்க முடியுமா?

மார்கழியில் சேகர் எனக்குப் போன் செய்தார். "மேடம், நீங்க சொன்னா அவ கேப்பா. நெலத்துல சவுக்கு வெச்சிடச் சொல்லுங்க. களையெடுக்க வேணாம், ஆள் தேட வேணாம். வெயில்ல காயாம வூட்ல இருக்கட்டும். கன்னுக்குப் பணம் அனுப்பிட்டேன்."

நல்ல யோசனைதானே? நானும் பெரிய மனுஷியாக எடுத்துச் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன்!

"சவுக்கு வெட்ட நாலஞ்சு வருஷம் ஆவுங்க்கா. அதுவரைக்கும் நான் அவரு கையப் பாத்துகினு உக்காரணுமா? மழை புடிச்சிகினா அவருக்கு வேலை கெடையாது. போன ஐப்பசியில அவரு சாப்பாட்டுக்கு இங்கேர்ந்துதான் பணம் போச்சி, மல்லாட்டை வித்த பணம்! அத உங்ககிட்ட சொன்னாரா?"

சொல்லவில்லை. எந்தக் கணவர்தான் சொல்வார்?

சென்னைப் பணம் ஏடிஎம்மில் வருகிறது. கூடவே போனில் உத்தரவும் வந்துவிடுகிறது. அனுப்புகிறவர் முதலாளி, நிலத்தில் குனிந்து நிமிர்கிறவர் 'சும்மா வீட்டில் இருப்பவர்'! எனக்குக் கோபம் வந்தது... முதலில் என் மேல்தான்.

அஞ்சலை கணவரிடம் சொல்லிவிட்டே, கன்றுக்கு வந்த பணத்தில் விதை மல்லாட்டை வாங்கிப் போட்டார். சேகர் இரண்டு வாரம் பேசவில்லை. பயிர் அதற்காகக் காத்திருக்குமா?

போன ஞாயிறு அஞ்சலை என் வாசலில் நின்றபோது அவருக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் சேகர். "இங்க வேலை டல்லு. ஊருக்கு வரட்டுமா?"

"தாராளமா வாங்க. மல்லாட்டை புடுங்க ஆள் பத்தல. கூலி குடுத்துடறேன். ஆனா ஒண்ணு... ஆம்பளக் கூலி, பொம்பளக் கூலின்னு எங்கிட்ட ரெண்டு கெடையாது. எல்லாருக்கும் ஒரே கூலிதான்!"

அப்போதுதான் கை தட்டினேன்.

வெள்ளிக்கிழமையே சேகர் வந்து இறங்கிவிட்டார் — முதலாளியம்மா மறுநாள் காலை ஆறு மணிக்கே நிலத்துக்கு வரச் சொல்லிவிட்டாராம்!