வெளியே கேட்காத கிற்றார்

ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஸ்காபரோவில் ஒரு கார்த் தரிப்பிடத்தில் நடந்த எங்கள் தமிழ் ஆட்களின் கோடை விழாவில், வைதேகி என்ற ரொக் கலைஞரின் கிற்றாரை நான் ஒரு விரலால் ஊமையாக்கினேன். அவர் மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே செய்தேன். அன்றிலிருந்து எங்கள் சனம் அவரைக் கோபக்காரி என்கிறது. என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன், நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுபவன். இப்போது எழுதுகிறேன். சவுண்ட் வேலைக்கு வரும் இளம் ஆட்கள் இதை வாசிக்க வேண்டும்.

1. ஆருக்குத் தங்கச்சி?

ஸ்காபரோவில் ஒரு சவுண்ட் கடையில் பதினாறு வருடம் வேலை செய்தேன். கல்யாணம், சாமத்தியவீடு, அரங்கேற்றம், விழா எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டுவோம். முதலாளி மணியண்ணை ஆட்களோடு பேசுவார். நான் பின்னால், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் இருப்பேன்.

வைதேகி முதன்முதல் கடைக்கு வந்தது கிற்றார் ஒலியைப் பெருக்கும் ஒரு அம்ப் வாடகைக்கு எடுக்க.

"ஆருக்குத் தங்கச்சி? அண்ணாவுக்கோ?" என்றார் மணியண்ணை.

"எனக்கு."

"அப்ப சின்னனா ஒண்டு எடுங்கோ. பெரிசு உங்களுக்குத் தூக்கேலாது."

"அங்கிள், நீங்க ரெண்டு பேரும் தூக்கிறதை நான் ஒராளாத் தூக்குவன்."

தூக்கிக்கொண்டுதான் போனார்.

டோர்செட் பார்க் பகுதியில் ஒரு அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் வளர்ந்தவர். பக்கத்து வீட்டார் முறைப்பாடு செய்வார்கள் என்று ஹெட்போன் போட்டே கிற்றார் பழகியவர். கல்லூரியில் ஒரு பாண்டில் சேர்ந்தபோது, "நீ கீபோட் வாசி, கிற்றாருக்கு ஆள் இருக்கு" என்றார்களாம் பெடியங்கள். அந்த ஆளுக்கு எங்கே விரல் வைப்பது என்று பாட்டுக்குப் பாட்டு காட்டிக்கொடுத்தவர் இவர்தான். ஒரு வருடம் பொறுத்தார். பிறகு விலகி, இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துச் சொந்த பாண்ட் தொடங்கினார். பகலில் ஒரு பல் டாக்டரிடம் வேலை.

அவர் வாசிப்பது நியூ வேவ் என்ற ரொக் வகை. நீட்டி முழக்குகிற சோலோ கிடையாது. கத்தரிக்கோலால் நறுக்கிய மாதிரி, பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் குறுகிய கோட்கள், அவற்றின் மேல் காலால் மிதிக்கும் கோரஸ் பெடல் தருகிற ஒரு நடுக்கம். கேட்கச் சுலபம். வாசிக்க மணிக்கட்டு இரும்பாக இருக்க வேண்டும். அவரைப் பற்றி ஒரு சஞ்சிகையில் இரண்டு பக்கம் வந்தது. என்ன உடுத்தார், அம்மா அப்பா எப்படி விட்டார்கள் என்று கேட்டிருந்தார்கள். கிற்றாரைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுத்துக்கூட்டி வாசித்து முடித்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

2. நாலு நிமிடம்

அந்த விழாவில் பாட வந்த ஒரு சினிமாப் பாட்டுக்காரருக்குக் கிற்றார் வாசிக்க வைதேகி ஒத்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை: தொடக்கத்தில் தன் சொந்தப் பாட்டு ஒன்று, நாலு நிமிடம். தாளத்துக்கு, விழாவில் கீபோட் வாசிக்கும் தம்பியின் கணினியில் பதிந்து வைத்த பின்னணி இசை, ட்ரக் என்போம். கிற்றாரும் குரலும் அவருடையது.

காலையில் நான் கேபிள் இழுக்கும்போது பக்கத்தில் வந்து சொன்னார். "அண்ணை, டவுன்டவுன் கிளப் ஒண்டுக்கு பாண்ட் புக் பண்ணிற லேடி இண்டைக்கு வாறா. ஃபோல் சீசனில ஒரு பெரிய பாண்ட் டூர் போகுது, அவைக்கு முன்னால வாசிக்க ஆள் தேடுகினம். என்ர கிற்றாரைக் கேக்கத்தான் வாறா. பிளீஸ், கிளியரா வையுங்கோ."

"ஓம் பிள்ளை" என்றேன்.

சவுண்ட் செக் முடிந்ததும் விழாக்குழுத் தலைவர் வந்தார்.

"மணி, உதென்ன சத்தம்? தகரத்தில அடிக்கிற மாதிரி."

"அது அவவின்ர ஸ்டைல் அண்ணை."

"பெரிய ஸ்டைல்! கீபோட் தம்பி தன்ர ட்ரக்கில கிற்றாரும் மெதுவாச் சேத்து அடிச்சு வச்சிருக்கிறான். அதைப் போடு. பிள்ளை கையை ஆட்டினாச் சரி. பொம்பிளைப் பிள்ளை கிற்றாரோட நிண்டாலே சனம் கை தட்டும், ஆர் காது குடுத்துக் கேக்கப் போகினம்?"

அவர் போனதும் மணியண்ணை என் காதுக்குள் சொன்னார். "மொனிற்றரில விடு, வெளியில எடு. அவவுக்குத் தெரியவராது."

வாசிப்பவரின் காலடியில் அவரைப் பார்த்தபடி இருக்கும் ஸ்பீக்கர்தான் மொனிற்றர். சனத்தின் பக்கம் பார்க்கும் பெரிய ஸ்பீக்கர்களுக்கு ஒலி போகிற வழி வேறு. அந்த வழியை மட்டும் அடைத்துவிட்டால், வாசிப்பவருக்குத் தன் வாசிப்பு நன்றாகக் கேட்கும், சனத்துக்குக் கேட்காது. சுருதி தப்புகிற பெரிய மனிதர்களின் பிள்ளைகளுக்கு இப்படிச் செய்துவிட்டு நாங்கள் சிரித்ததும் உண்டு. வைதேகிக்குச் சுருதி தப்பியதே இல்லை. அது தெரிந்துகொண்டே, அவர் வாசிக்கத் தொடங்கியதும், கிற்றார் வெளியே போகும் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கினேன்.

பாட்டு முடிந்து வியர்வையோடு நேரே என்னிடம் வந்தார். "சவுண்ட் சூப்பர் அண்ணை. தாங்க்ஸ்!"

நான் தலையாட்டினேன். என் வாழ்க்கையில் இதைவிடக் கேவலமாக நான் எதையும் செய்ததில்லை.

அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். கையில் போன். சிநேகிதி முன்வரிசையிலிருந்து எடுத்த வீடியோ.

"அண்ணை, இது என்ர கிற்றார் இல்லை."

நான் ஒரு கேபிளைச் சுருட்டத் தொடங்கினேன்.

"மொனிற்றரில நான் இருந்தனான்தானே?"

"ஓம்."

"வெளியில?"

நான் மிக்சரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த லேடி டெக்ஸ்ட் பண்ணிப்போட்டுப் போயிட்டா. நான் மைம் பண்ணினனாம். ஃபேக்காம். உங்களிட்டத்தானே அண்ணை காலமை சொன்னனான்?"

கிற்றாரைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, பாட்டுக்காரருக்கு வாசிக்காமலே போனார். தலைவர் மைக்கைப் பிடித்துச் சனத்திடம் சொன்னார்: "தங்கச்சிக்குக் கோவம் வந்திட்டுது. பொம்பிளைப் பிள்ளையளைக் கூப்பிட்டா உப்பிடித்தான்." சனம் சிரித்தது. அவருடைய மைக்கின் ஃபேடரும் என் கைக்குள்தான் இருந்தது. அதை நான் இறக்கவில்லை.

3. ஹூ டிட் திஸ்?

டிஜிட்டல் மிக்சர் ஒவ்வொருவர் வாசிப்பையும் தனித்தனியாகப் பதியும். ஃபேடரை இறக்கினாலும் பதிவு நிற்காது. திங்கட்கிழமை கடையில் அதைத் திறந்து கேட்டேன். நாலு நிமிடமும் இருந்தது, ஒரு பிசிறு இல்லாமல். கிற்றாரையும் குரலையும் ஒரு யூஎஸ்பியில் ஏற்றினேன்.

"எங்க கொண்டுபோறாய்?" என்றார் மணியண்ணை. சொன்னேன்.

"உனக்கென்ன விசரே? விழாக்காரர் இனி எங்களைக் கூப்பிடமாட்டினம்."

"கூப்பிடாட்டிப் போகட்டும்." அவருக்கு நான் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. அடுத்த கிழமை வேலை போனது.

கிளப்பின் பெயரை வைதேகியின் சிநேகிதியிடம் கேட்டு எடுத்தேன். சப்வேயில் போகும்போது சொல்ல வேண்டிய ஆங்கிலத்தை வாய்க்குள் பாடமாக்கினேன். அந்தப் பெண்மணி முன்னால் போய் நின்றதும் எல்லாம் மறந்துபோனது. யூஎஸ்பியை நீட்டி, "வைதேகி. ரியல் கிற்றார்" என்றேன். ஏதோ ஒரு விசரன் என்று நினைத்திருப்பார். ஆனாலும் ஹெட்போனைப் போட்டுக் கேட்டார். பாதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திரும்ப முதலிலிருந்து கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஹூ டிட் திஸ்?"

யார் வாசித்தது என்று அவர் கேட்கவில்லை. யார் மறைத்தது என்று கேட்டார். தலைவரைச் சொல்லலாம், மணியண்ணையைச் சொல்லலாம்.

"மீ" என்றேன்.

"வை?" ஏன் என்று கேட்டார்.

யூஎஸ்பியை அவரிடமே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அந்த டூர் வைதேகிக்குக் கிடைத்தது. ஒட்டாவா, மொன்றியல், பிறகு எல்லை தாண்டியும் போய் வாசித்தார். இரண்டு அல்பம் வந்திருக்கிறது. போவதற்கு முன் எனக்குப் போன் எடுத்தார்.

"தாங்க்ஸ் சொல்லுவன் எண்டு நினைக்காதேங்கோ அண்ணை. அது என்ர கிற்றார். எடுத்த நீங்கள் திருப்பிக் குடுத்திருக்கிறியள், அவ்வளவுதான்."

"ஓம் பிள்ளை" என்றேன். அவர் சொன்னது சரி.

மிக்சரில் இருக்கும் பிள்ளைகளே, ஒருவரின் வாசிப்பு வெளியே போகக்கூடாது என்று யாராவது உங்களிடம் சொன்னால், மேடைக்கு ஏறிப்போய் அவரிடமே அதைச் சொல்லுங்கள். வாசிப்பதா, இறங்கிப்போவதா என்று அவர் முடிவெடுக்கட்டும். முதலாளி சொன்னார் என்று சொல்லாதீர்கள். எனக்குப் பேச வராது, கூச்சம் என்றும் சொல்லாதீர்கள். அதை நான் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.