ஐந்நூற்றைம்பது என்றால் மறுப்பு

அந்த மாலைப் பத்திரிகையில் பக்கங்களை அச்சகத்துக்கு அனுப்புவது பட்டாசின் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே வெடித்துவிடுவதால் அலுவலகத்தில் இந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அச்சகம் ஊரின் மறுகோடியில் இருந்தது. கணினியில் பக்கத்தை ஏற்றி அனுப்பினால் அங்கிருக்கும் சர்வர் ஓர் எண்ணைப் பதிலாகச் சொல்லும். சிவப்பு எழுத்தைக் கண்டாலே மற்றவர்கள் "சர்வர் படுத்துடுச்சு" என்று டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். பட்டாசு எண்ணைப் படிப்பாள். இருநூறுகளில் வந்தால் வேலை முடிந்தது. நானூறுகளில் வந்தால் இப்போதைக்கு முடியவில்லை, மறுபடி முயன்று பார். ஐந்நூறுகளில் வந்தால் முடியாதென்றால் முடியாது.

அன்று முற்பகலில் எல்லாப் பக்கங்களும் 226 வாங்கிக்கொண்டு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. மூன்றாம் பக்கம் மட்டும் பாக்கி. பெயின்ட் தொழிற்சாலைக் கழிவு குடிநீர்க் குழாயில் கலக்கிற செய்தி அதில் இருந்தது. வெயிலில் அலைந்து அதை எழுதியவள் பட்டாசின் அண்ணி, அங்கேயே நிருபர். அந்தத் தொழிற்சாலையோ பத்திரிகைக்கு விளம்பரம் தருகிற பெரிய கை.

அனுப்பினாள். 550, அனுமதி இல்லை. மறுபடி அனுப்பினாள். அதே பதில். நேரே ஆசிரியர் அறைக்குப் போனாள்.

"லைன் சரியில்லையாம்மா? விடு, அந்த இடத்துல விளம்பரம் போகட்டும்" என்றார் ஆசிரியர், அவள் வாயைத் திறப்பதற்குள்.

"லைனுக்கு ஒரு கேடும் இல்ல சார். லைன் அறுந்தா 426 வரும். இது 550. காலையில இந்தப் பக்கத்துக்கு இருந்த அனுமதிய யாரோ எடுத்திருக்காங்க. அது தானா போகாது."

ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "சொன்னதச் செய்."

அனுமதியை எடுக்கச் சொன்னது யாரென்று பட்டாசுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு அண்ணியின் மேசைக்குப் போனாள்.

"கிளம்புங்க அண்ணி, அச்சகத்துக்கு."

"வேலை போயிடும்டி!"

"போனா போகட்டும். அவங்க பயத்துக்கு லைன் மேல பழி போட நான் ஆளில்ல."

இருவரையும் கண்டதும் அச்சக ஃபோர்மேன் கையை விரித்தார். "விளம்பரம் போடச் சொல்லிட்டாங்களேம்மா. லைன் கோளாறாம்."

"கோளாறு தீர்ந்துடுச்சு. இந்தாங்க பக்கம்."

ஃபோர்மேன் தலையைச் சொறிந்தபடி ஆசிரியருக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். "சார், பக்கம் கைக்கு வந்துடுச்சு. ஓட்டவா?"

பட்டாசு குனிந்து சத்தமாகச் சொன்னாள்: "வேண்டாம்னா உங்க வாயால சொல்லுங்க சார். இங்க எல்லாரும் கேட்டுட்டு இருக்கோம்."

இயந்திரக்காரர்கள் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். மறுமுனையில் அழைப்பு துண்டிக்கப்பட்டது.

"வேண்டாம்னு சொல்லலையே" என்று ஃபோர்மேன் பக்கத்தை ஏற்றினார்.

மறுநாள் காலை அவளுடைய லாகினைச் சர்வர் ஏற்கவில்லை. 530. பட்டாசு நாற்காலியைத் தரதரவென்று இழுத்துப்போய் ஆசிரியர் அறைவாசலில் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னை நிறுத்துறதா இருந்தா தாராளமா நிறுத்துங்க. ஆனா இதுவும் கோளாறுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

உள்ளே தொலைபேசி ஓயவில்லை. செய்தியைப் படித்த தொழிற்சாலைப் பகுதி மக்கள் குழாயைத் தோண்ட வைத்துவிட்டார்கள். அடுத்த செய்தி எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். உச்சிவேளைக்குள் லாகின் திரும்பி வந்தது. யார் கொடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

அதன்பின் ஆசிரியர் அவளிடம் நேரில் பேசுவதில்லை. ஆபீஸ் உதவியாளரிடம் சொல்லி அனுப்புவார். பட்டாசு, அவர் அறைக்கே கேட்கும்படி, இருந்த இடத்திலிருந்தே பதில் சொல்வாள்.