நத்தைகளுக்கு வெயில் காட்டிய ஆண்ட்டிஜி

நாட்டின் தென்கோடித் தீவில் இருக்கும் கேம்பல் பேயில் டிசம்பர் பிறந்தால் போதும், பக்கத்து வீட்டு ஆண்ட்டிஜி டிரங்குப் பெட்டியைத் திறந்து கம்பளி ஸ்வெட்டர்களைக் கொடியில் காயப்போட்டுவிடுவார். நமக்கோ முதுகில் வியர்வை வழிந்துகொண்டிருக்கும். பட்டாளத்துக் கணவருக்கு அரசாங்கம் இங்கே கொடுத்த நிலத்தை நம்பி, லூதியானாவிலிருந்து புதுமணப்பெண்ணாக வந்தவர் அவர். இங்கே அந்த ஸ்வெட்டர்களை யாரும் போட்டதில்லை. ஆனாலும் டிசம்பர் என்றால் வெயில் காட்டியாக வேண்டும்.

நான் தூத்துக்குடிக்காரி. கரையோர உயிர்கள் எவ்வளவு சூடும் குளிரும் தாங்கும் என்று பார்ப்பது என் வேலை. குஜராத் கரை நத்தை குளிரையும் கண்டது, கோடையையும் கண்டது. அது தாங்கும் எல்லை அகலம். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கக் கடல் ஆண்டு முழுக்க ஏறத்தாழ ஒரே சூட்டில் கிடக்கிறது. இங்குள்ள நத்தை அந்தச் சூட்டோடு ஒட்டிக் குடித்தனம் நடத்துகிறது. இன்னும் கொஞ்சம் ஏறினால் ஆள் காலி. போன மார்கழியில் ஊருக்குப் போய், குளிருது என்று ஃபேனை நிறுத்தச் சொன்னபோது, "ஏட்டி, நீ தீவுக்காரியாவே ஆயிட்டியோ?" என்று அம்மா கேட்டாள். அறிவியல் வீட்டுக்குள்ளேயே நிரூபணமாகிவிட்டது.

ஒரு நாள் வாளி நிறைய நத்தைகளை வராந்தா நிழலில் வைத்துவிட்டுக் கப்பல் டிக்கெட் எடுக்கப் போயிருந்தேன். மறுநாள் காலை போர்ட் பிளேருக்குக் கப்பல். உயிரோடு கொண்டுபோகாவிட்டால் என் ஆராய்ச்சிக்குத் தெற்கு முனையே கிடையாது. அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டால் இந்த ஊரில் சிரிப்பார்கள். திரும்பி வந்தால் வாளி நடு முற்றத்தில், ஸ்வெட்டர்களுக்குப் பக்கத்தில். தண்ணீர் கஞ்சி போலச் சுட்டது. நத்தைகள் வாளிச் சுவரை விட்டு அடியில் உதிர்ந்து கிடந்தன.

"தண்ட் ஹை பேட்டி. பேச்சாரோங்கோ தூப் லகா தீ," என்றார் ஆண்ட்டிஜி. குளிராயிற்றே, பாவங்களுக்கு வெயில் காட்டினாராம்.

"ஐயோ, கொன்னுட்டியளே!" என்று தமிழில் கத்திவிட்டேன். நன்றி சொல்கிறேன் என்று நினைத்து என் தோளைத் தட்டினார். பிறகு இந்தியில், "ஆண்ட்டிஜி, சப் மர் கயா," எல்லாம் செத்துப்போச்சு என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அப்போதே துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். "சல்," வா போகலாம் என்றார்.

நல்ல வேளை, கடல் வற்றும் நேரம். இத்தனை காலம் கரையில் குடியிருந்தும் கடலில் கால் வைக்காதவர், என் பின்னாலேயே முழங்கால் தண்ணீரில் இறங்கினார். இறங்கியவர் நின்றுவிட்டார். "அரே, யே தோ கரம் ஹை!" டிசம்பர் மாதத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை போலும். இருவருமாகப் பாறையடியில் துழாவி வாளியை நிரப்பினோம். எல்லாம் உயிரோடு சுவரைப் பிடித்து ஏறின. கப்பலுக்குத் தயார்.

கரையேறிய ஆண்ட்டிஜி பாறையில் உட்கார்ந்தார். தண்ணீர் எவ்வளவு சூடு என்று மறுபடி மறுபடி வியந்து சொன்னார். சொல்லிக்கொண்டே துப்பட்டாவால் விரலிடுக்குவரை ஈரம் துடைத்து, குளிர் ஏறாமலிருக்கப் பாதங்கள் இரண்டையும் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார்.