கோடிட்ட இடத்தில் என் பெயர்

1993ஆம் ஆண்டு. வவுனியாவில் ஓர் அரசாங்கக் கந்தோரில் இடமாற்றக் கோப்புகளைப் பார்க்கும் லிகிதராக இருந்தேன். எட்டு வருடமாக ஒரே கதிரை. இடமாற்றம் கேட்டோ மறுத்தோ யார் எழுதினாலும் என்னிடமிருந்து போவது ஒரே பதில்தான். அதை நானே எழுதி, றோணியோ நகலெடுக்கும் இயந்திரத்தில் கட்டுக்கட்டாக உருட்டி வைத்திருந்தேன். "தங்கள் கோரிக்கை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. சேவையின் தேவை கருதி ஏற்க முடியாமைக்கு வருந்துகிறோம்." பெயருக்கு மட்டும் கோடிட்ட இடம். பரிசீலித்ததும் இல்லை, வருந்தியதும் இல்லை. அவ்வளவு கெட்டிக்காரி நான்!

ஒருநாள் மேலதிகாரி, "கனகராயன்குளத்துக்கு ஒராள் தேவை. போக விருப்பமெண்டு ஆரும் எழுதியிருக்கினமோ?" என்று கேட்டார். நான் கோப்பைத் திறக்கவே இல்லை.

"ஒருத்தரும் இல்லை, சேர்."

அடுத்த கிழமை, நகரத்தில் கனகாலம் இருந்தவள் என்று என்னையே அங்கே போட்டுவிட்டார்கள்.

மகளை அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். இராணுவத்தின் கடைசிச் சோதனைச்சாவடியான தாண்டிக்குளம் கடந்து அங்கே போனால், மாதத்தில் ஒருமுறை வீட்டுக்கு வருவதே பெரிய காரியம். அழுதழுது நான்கு பக்கத்தில் மேன்முறையீடு எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. என் றோணியோக் கடிதமேதான். கோடிட்ட இடத்தில் என் பெயர்!

வழக்குப் போட்டே தீருவேன் என்று கணவரையும் இழுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் ஓடினேன். அவர் எல்லாவற்றையும் ஆறுதலாக வாசித்தார்.

"மேலதிகாரிக்கு உங்களில ஏதும் கோபமோ? விதியை மீறி அனுப்பினவரோ?"

"அப்பிடி ஒண்டும் இல்லை ஐயா. பிள்ளை சின்னது..."

"விளங்குது, தங்கச்சி. ஆனா ஆரை எங்க வேலைக்கு விடுறதெண்டது கந்தோரின்ர அலுவல். வஞ்சகமோ விதிமீறலோ இருந்தாத்தான் நீதிமன்றம் தலையிடும். கஷ்டம் எண்டதுக்காகத் தலையிடாது. கஷ்டத்தைக் கேக்கவேண்டியது கந்தோர்தான். முதல்ல போய் வேலையைப் பாரமெடுங்கோ."

அந்தக் கஷ்டத்தைக் கேட்க வேண்டிய கதிரையில் எட்டு வருடம் இருந்தது நான்தான் என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

கனகராயன்குளம் கந்தோரின் பிரதம லிகிதர் எழும்பி வந்து கதிரை போட்டார், தேத்தண்ணி எடுப்பித்தார். வவுனியாவில் இடமாற்றக் கோப்புப் பார்த்தவள் நான்தான் என்று அறிந்ததும் சிரித்துக்கொண்டே மேசை லாச்சியைத் திறந்து மூன்று கடிதங்களை எடுத்து வைத்தார். மூன்றும் என் றோணியோ. அவருடைய மனைவி வவுனியாவில் எங்களுடைய இன்னொரு கிளைக் கந்தோரில் லிகிதர். கணவரோடு இருக்கக் கனகராயன்குளத்துக்கு மாற்றம் கேட்டு மூன்றுமுறை எழுதியிருக்கிறார். ஒன்றைக்கூட நான் வாசிக்கவில்லை.

வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழாதேங்கோ அக்கா. அவாவுக்கு இங்க வர விருப்பம், உங்களுக்கு அங்க போக விருப்பம். ரெண்டுபேரும் இடம் மாத்திக் கேட்டா ஆர் மறுக்கப் போயினம்? இப்பவே எழுதுவம், பேப்பர் எடுங்கோ!"

மூன்று மாதத்தில் மாற்றம் கிடைத்தது. அதுவரை பிரதம லிகிதரின் சகோதரி வீட்டில்தான் தங்கினேன். அவர்கள் வீட்டுப் புட்டும் சொதியும் சாப்பிட்டு ஒரு சுற்றுப் பருத்தே திரும்பினேன் என்று கணவர் இன்றும் பகிடி பண்ணுவார்.

என் இடத்துக்கு இன்னும் ஆள் போடாததால் பழைய கதிரையே எனக்குத் திரும்பக் கிடைத்தது. மிச்சமிருந்த றோணியோக் கட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், பின்பக்கத்தில் படம் கீற மகளிடம் கொடுத்தேன். அதன்பிறகும் பலருக்கு மறுப்பு எழுதத்தான் வேண்டியிருந்தது. ஆனால் 'கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது' என்று எழுதிய ஒவ்வொரு முறையும், அந்தக் கடிதத்தைக் கடைசி வரிவரை வாசித்திருந்தேன் என்ற நிம்மதியோடுதான் ஓய்வு பெற்றேன்.