பாலத்தைப் பற்றி மூன்று கேள்விகள்

"எதிர்க்கட்சி ஆபீஸ்ல உனக்கு என்னம்மா வேலை? ஆட்சியில இருக்கிறவங்ககிட்ட போனாவாச்சும் ஏதாவது கிடைக்கும். இவங்ககிட்ட வாய் மட்டும்தானே இருக்கு லா!"

மாநில எதிர்க்கட்சித் தலைவரின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்ததைச் சொன்னபோது மாமா இப்படித்தான் சிரித்தார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை படித்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கப்போவதில்லை.

சுங்கை லாலாங் பக்கம் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு. தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு வர ஒரு மரப்பாலத்தைக் கடக்க வேண்டும். பலகைகள் உளுத்துவிட்டன. அம்மா தினமும் மோட்டார்சைக்கிளில் அதன்மேல்தான் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார். ஒருநாள் பின்சக்கரம் பலகை இடுக்கில் மாட்டி, முழங்காலில் ரத்தத்தோடு திரும்பி வந்தார். மறுநாள் அதே பாலத்தில்தான் போனார்.

தலைவர் சட்டமன்றத்தில் கேட்கும் கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பாலத்தைப் பற்றி நானே மலாயில் எழுதினேன். பாக்கார் ஆராங்கிலிருந்து வரும் சக ஊழியை, என் வயதுக்காரி, வாங்கிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏய், இது தோட்ட மேனேஜருக்கு எழுதுற மனு லா! 'கருணை கூர்ந்து', 'தவறு இருந்தால் மன்னிக்கவும்'... நம்ம தலைவர் எந்திரிச்சு நின்னு அரசாங்கத்துக்கிட்ட மன்னிப்பு கேக்கணுமா?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆரம்பப் பள்ளியில் எழுதப் பழகியதிலிருந்து எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் நான்தான் மனு எழுதுவேன். வணக்கத்தில் தொடங்கி மன்னிப்பில் முடிப்போம். கேட்டது நடந்தால் நன்றி சொல்வோம், நடக்காவிட்டால் இன்னொரு மனு. அந்தக் கை அப்படியே சட்டமன்றம் வரை வந்துவிட்டது.

திரும்ப எழுதினேன். அந்தப் பாலம் யார் பொறுப்பு? பழுதுபார்க்க ஒதுக்கீடு இருக்கிறதா? வேலை எப்போது முடியும்?

தலைவர் ஒரு சொல்லையும் மாற்றாமல் அவையில் கேட்டார். நான் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்திருந்தேன். அந்தத் துறைக்குப் பொறுப்பான, மாநில அமைச்சர் மாதிரியான ஆட்சிக்குழு உறுப்பினர் எழுந்து, பாலம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்றும் மூன்று மாதத்தில் வேலை முடியும் என்றும் சொன்னார். அது அவைக் குறிப்பில் ஏறியது. ஒரு பலகை வாங்கிப் போடக்கூட எங்கள் தலைவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அதிகாரம் உள்ளவரை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று ஒரு கெடு சொல்ல வைக்க அவரால் முடிந்தது. மனுவுக்கு யாரும் இப்படிப் பதில் சொன்னதில்லை.

மூன்று மாதம் கழிந்தது. இரண்டு புதுப் பலகைகள் மட்டும் வந்தன.

"ரெண்டு பலகைக்கு மூணு கேள்வி. முழுப் பாலத்துக்கு எத்தனைம்மா, கணக்குப் போட்டுச் சொல்லு," என்றார் மாமா.

அம்மா சிரிக்கவில்லை. "அவங்க சொன்னத அவங்களே மறந்துட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கே அவைக் குறிப்பைத் தேடி எடுத்தேன். அவர்கள் கொடுத்த பதிலின் நகலை இணைத்து, சொன்ன கெடு என்னாயிற்று என்று வரும் கூட்டத்துக்கான கேள்வியைத் தலைவரின் கையெழுத்தோடு போன திங்கட்கிழமை சட்டமன்றச் செயலகத்தில் கொடுத்துவிட்டேன்.