பூச்சாண்டிக்குப் பயம் வந்த வரலாறு

சரக்கு தயாரான பிறகு விற்பது பழைய வியாபாரம். சரக்கு வருமுன்பே அதற்கான பயத்தை விற்றுவிடுவது புதிய வியாபாரம். குவாண்டம் தொழில் இரண்டாவது வகை என்று சொன்னால் அறிஞர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆகவே அதைச் சொல்லாமல், அந்தத் தொழிலில் சோறு தின்ற ஒருவரின் கதையை மட்டும் பார்ப்போம்.

அலுவலகத்தில் அவருக்குப் பூச்சாண்டி என்று பெயர். மரியாதையோடு வைத்த பெயர்தான். முன்பு தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்றவர். ஒரு குவளைத் தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அவர் பெருமூச்சு விட்டால், அந்த வீட்டில் அன்று முழுக்க யாரும் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். பிறகு தீயணைப்புக் கருவி, அப்புறம் கண்காணிப்புக் கேமரா. கிருமி, நெருப்பு, திருடன் என்று படிப்படியாக உயர்ந்து, ஐம்பதை நெருங்கும்போது குவாண்டத்துக்கு வந்து சேர்ந்தார்.

கம்பெனி அப்போது ஒரு பல் மருத்துவருக்கு மேல்மாடியில் இரண்டு அறைகளில் இருந்தது. இப்போது அந்தக் கட்டடத்தில் பல் மருத்துவருக்கே இடமில்லை. இத்தனைக்கும் கம்பெனியிடம் குவாண்டம் கணினி கிடையாது. பொன்னிறச் சரவிளக்கு மாதிரித் தொங்கும் ஒன்றின் படம் வரவேற்பறையில் இருந்தது. அதுவும் வேறு யாருடையதோ. எங்கோ அப்படியொரு கணினி வளர்ந்துவருகிறது, வந்தால் தகவல்களுக்குப் போட்டிருக்கும் இன்றைய ரகசியப் பூட்டுகளையெல்லாம் திறந்துவிடும், ஆகவே எங்கள் புதுப் பூட்டை இப்போதே போட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான் வியாபாரம்.

"அந்த மெஷின்தான் இன்னும் வரலையே?" என்றார் ஒரு மருத்துவமனை முதலாளி.

"மெஷின் வரலை சார். திருடன் வந்துட்டான்," என்றார் பூச்சாண்டி.

"எங்கே?"

"உங்க நோயாளிங்க ரிப்போர்ட் போற வழியிலயே ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கிறான். இப்ப அவனால படிக்க முடியாது. பத்திரமா வெச்சிருப்பான். மெஷின் வந்த அன்னிக்குத் திறப்பான். அப்புறம் யாருக்கு என்ன வியாதின்னு ஊரே பேசும்."

முதலாளி கையெழுத்துப் போட்டார். படியிறங்கும்போது பூச்சாண்டியின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. "என்னா நடிப்புண்ணே," என்றார் கூடப் போன விற்பனையாளர்.

நடிப்பே இல்லை. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். பூச்சாண்டியின் மடியில் ஒரு குறுஞ்செய்தி இருந்தது.

அவர் மனைவி வீட்டு வரைபடம் போடுபவர். பல வருடங்களுக்கு முன்பு, வெளியூரில் ஒரு பெரிய நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போனார். அவர் போன் கெட்டுப்போயிருந்ததால் கணவர் எண்ணைக் கொடுத்திருந்தார். 'தேர்வாகிவிட்டீர்கள்' என்ற செய்தி பூச்சாண்டிக்கு வந்தது. மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் குடும்பத்தின் நன்மையைப் பற்றியும் ஆழ்ந்து யோசித்தார்; அதாவது, தனக்கு யார் சமைத்துப் போடுவது என்று யோசித்தார். 'எனக்கு விருப்பமில்லை, நன்றி' என்று மனைவி பெயரில் பதில் போட்டார். இரண்டையும் அழித்தார். மனைவியிடம், "ஒண்ணும் வரலையே" என்றார்.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் எங்கேயும் விண்ணப்பிக்கவில்லை. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் மேஸ்திரிகளுக்காகக் கழிப்பறையும் மாடிப்படியும் வரைந்துகொண்டு, "பெரிய இடத்துக்கெல்லாம் நம்ம கை போதாது" என்று அவ்வப்போது சொல்வார். பூச்சாண்டி தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார்.

கம்பெனியில் 'கணக்கு' என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பூட்டு நிபுணர் உண்டு. பூச்சாண்டி ஒருநாள் அவரைத் தனியாகப் பிடித்தார்.

"அழிச்ச மெசேஜ்கூட இருக்குமா தம்பி?"

"நீங்க அழிச்சது உங்க போன்ல. வழியில எவனாவது எடுத்திருந்தா அவன்கிட்ட இருக்கும்."

"எடுத்திருப்பானா?"

"உங்க மெசேஜையா? அவனுக்கு என்ன தலையெழுத்து?"

வேறு யாராக இருந்தாலும் இதில் நிம்மதி அடைந்திருப்பார்கள். 'திருடனுக்குச் சின்ன ஆள் பெரிய ஆள் கிடையாது' என்று ஊர் முழுக்கச் சொல்லி விற்றவரால் அது முடியவில்லை.

எங்கோ ஒரு கணினி ஒரு படி வளர்ந்ததாகச் செய்தி வந்தால் கம்பெனியில் கேக் வெட்டுவார்கள். எல்லோரும் கைதட்டுவார்கள்; பூச்சாண்டி கழிவறைக்குப் போவார். வீட்டில் மனைவியின் போன் அதிர்ந்தால், எடுத்துப் படிக்கும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு ஒருநாள் மேலாளர் கூட்டம் போட்டார்.

"இனிமே பத்து வருஷத்துல வரும்னு சொல்லாதீங்க. அஞ்சுன்னு சொல்லுங்க."

"அவ்வளவு வேகமாவா சார் வளருது?" என்றார் பூச்சாண்டி.

"மெஷின் எங்கேய்யா வளர்ந்துச்சு? எதிர்க் கம்பெனிக்காரன் ஆறுங்கறான்."

கூட்டம் சிரித்தது. பூச்சாண்டியின் காதில் அஞ்சு மட்டும் விழுந்தது.

அன்று மாலை, விற்பனைக்கு ஒரு படம் வேண்டுமென்று அவர் கேட்டிருந்ததை மனைவி வரைந்துகொண்டிருந்தார். பூட்டிய பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டுக் காத்திருக்கும் ஒரு திருடன்.

"ஏங்க, இவன் நம்மளுதையும் எடுத்து வெச்சிருப்பானா?"

"வெச்சிருப்பான்."

"பாவம். பால் வாங்குங்க, கரெண்டு பில் கட்டுங்கன்னு படிச்சே அவனுக்குப் பைத்தியம் பிடிச்சுடும்."

மனைவி சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பூச்சாண்டியால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டார், ஒன்று விடாமல்.

கத்துவார், தட்டு பறக்கும் என்று எதிர்பார்த்து நாற்காலியைக்கூடக் கொஞ்சம் பின்னால் தள்ளியிருந்தார். மனைவி பென்சிலைக் கீழே வைக்கவே இல்லை.

"என்ன வேலைன்னு போட்டிருந்துச்சு?"

"சீனியர்னு..."

"நான் ஜூனியருக்குத்தான் எழுதிப்போட்டேன்."

திருடனின் காலுக்கு ஒரு செருப்பு வரைந்தார். பிறகு கேட்டார்: "இத்தனை வருஷம் சொல்லாததை இப்ப ஏன் சொல்றீங்க?"

"அஞ்சு வருஷத்துல எப்படியும் தெரிஞ்சுடும்..."

"மெஷின் வராதுன்னா?"

பூச்சாண்டி, பின்னால் தள்ளியிருந்த நாற்காலியை மெல்ல முன்னால் இழுத்துப் போட்டார்.

சண்டை நடக்கவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. உப்புகூடச் சரியாக இருந்தது. மேஸ்திரிகள் கூப்பிட்டால், மனைவி இப்போது போனை எடுப்பதில்லை. ஆனால் தினமும் விளக்கு வைத்ததும் மேசையில் உட்கார்ந்து அதே போனில் யாருக்கோ எழுதுகிறார். எழுதுகிறார், யோசிக்கிறார், பதில் வந்தால் மெல்லச் சிரிக்கிறார். பூச்சாண்டி ஒரு வாரம் பொறுத்தார்.

"யாருக்கு இவ்வளவு நேரம்?"

"ஒருத்தங்களுக்கு."

"என்ன எழுதுற?"

மனைவி போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"அஞ்சு வருஷம் பொறுங்க. எப்படியும் தெரிஞ்சுடும்."